தேத்தண்ணி ஊற்றாதீர்கள், உள்ளே கல்யாணம் இருக்கிறது

மூன்று வருஷத்துக்கு முன்னால், தை மாதம், அப்புத்தளைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக் கோயிலில் என் தங்கைக்குக் கல்யாணம். அன்று காலை நடந்ததை யாருக்குச் சொன்னாலும் கதை விடாதே என்கிறார்கள். கதை விட எனக்கு ஏது நேரம்? நான் தையல்காரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் கழுத்தை நிமிர்த்தவே ஆள் வைக்க வேண்டும் போல இருக்கும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் தங்கையின் போனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் பதுளையில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாள். குறும்பதிவாம். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுக்குத்தான் அதில் எழுத இடம் இருக்கும். எழுதியதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பதில் போடலாம், பிடித்தால் தங்கள் பக்கத்தில் எடுத்துப் போட்டு இன்னும் நாலு பேருக்குக் காட்டலாம். முகம் தெரியாத ஆளைப் பின்தொடரலாம், அதற்கு அனுமதிகூடக் கேட்க வேண்டாம் என்றாள். நம்ம ஊரில் ஒரு பெண்ணை அப்படிப் பின்தொடர்ந்தால் செருப்படிதான் விழும் என்றேன்.

ஆளாளுக்கு ஒரு விதமாக அதில் எழுதுவார்கள். ரயில் தாமதம், கிரிக்கெட், மரக்கறி விலை, போன் கம்பெனிக்குத் திட்டு, இரண்டு வரியில் காதல். என் தங்கை பெரும்பாலும் மலையை மூடுகிற பனி மூட்டத்தைப் பற்றி எழுதுவாள். 'இன்னைக்கு ரோடே தெரியல, டிரைவர் அண்ணன் மனப்பாடமா ஓட்டுறாரு' என்று ஒரு நாள் போட்டிருந்தாள். அதற்குப் பண்டாரவளையில் செருப்புக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் அண்ணன், 'இங்க நல்ல வெயில். உங்க மூட்டத்த அங்கயே வச்சுக்கங்க' என்று பதில் போட்டிருந்தார். இவள் அவரை நானா என்பாள், அவர் இவளைத் தங்கச்சி என்பார். இரண்டு வருஷமாக இப்படிச் சீண்டிக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது.

ஒரு நாள் யாரோ தேத்தண்ணிக் குவளையைப் படம் பிடித்து, இப்போது தேநீர் குடிக்கிறேன் என்று போட்டதைக் காட்டினாள். அதற்கு ஒரு கூட்டமே வந்து இதயம் போட்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"நம்ம தோட்டத்துல தேத்தண்ணி குடிக்காதவங்க யாருடி? நாளைக்கு நானும் மூஞ்சி கழுவினேன்னு போடுறேன், இதயம் போடுவாங்களா?"

"போட்டுத்தான் பாரேன்க்கா. யாருக்கு எது எப்ப ஒதவும்னு நமக்குத் தெரியாது" என்றாள். அந்த ஞானத்தை நான் சட்டை பண்ணவில்லை.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீடு நுவரெலியா பக்கத்தில் ஒரு தோட்டம். அவருடைய அப்பா இறந்து வெகு காலம். சம்பந்தியம்மா தனியாளாகக் கொழுந்து பறித்து மகனை ஆளாக்கியவர். கல்யாணத் தாலிக்கு வேறு பொன் வாங்காமல், பெட்டியில் வைத்திருந்த தன் தாலியையே உருக்கிப் புதிதாகச் செய்யக் கொடுத்திருந்தார். புருஷன் இல்லாதவ தாலிய உருக்கிச் செஞ்சதா என்று எங்கள் பக்கத்தில் சிலர் வாயை மென்றார்கள். தங்கைதான் அவர்கள் வாயை அடைத்தாள். எனக்கு அந்தத் தாலிதான் வேண்டும், அதைவிட நல்ல பொன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வேனில் வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் வேன் ஆகாது. வளைவில் திரும்பினாலே குமட்டும். அதனால் அவரும் அவருடைய அண்ணனும் அன்று விடியற்காலை நானுஓயாவில் ரயில் ஏறினார்கள். தாலியை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வராமல் கையோடு எடுத்து வந்தார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தேயிலைத் தூள் கொண்டுபோகாமல் போகமாட்டோம். தேயிலைத் தோட்டத்தில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கே போனாலும் பொட்டலம் போகும். கேட்டால், எங்க தோட்டத்துத் தூளு வாசமே வேற என்பார்கள். எங்கள் ஊவாத் தூள் பெரிதா, அவர்களுடைய நுவரெலியாத் தூள் பெரிதா என்பதில் இரு வீடும் நிச்சயதார்த்தத்தன்றே முட்டிக்கொண்டது தனிக்கதை. சம்பந்தியம்மாவும் ஒரு பை நிறையப் பொட்டலம் கொண்டுவந்தார். எல்லாம் ஒரே மாதிரி காக்கித்தாள் உறை. ரயிலில் திருட்டுப் பயம் என்று, தாலியை மஞ்சள் துணியில் முடிந்து அதில் ஒரு பொட்டலத்துக்குள் புதைத்து வாயை ஒட்டிவிட்டார். அடையாளத்துக்கு மூலையில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். தோட்டத்து ஆளிடம் போய் எவன் தேயிலையைத் திருடப் போகிறான்? யோசனை என்னவோ நல்ல யோசனைதான்.

வந்து குளித்துப் பட்டுடுத்தி, தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் கையால் ஆசி வாங்க வேண்டும் என்று பையைத் திறந்தார். ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பொட்டைக் காணோம். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. இருந்த பொட்டலம் எல்லாவற்றையும் பிரித்துச் சுளகில் கொட்டினோம். வீடு முழுக்கத் தேயிலை வாசம்தான் வந்ததே தவிர, தாலி வரவில்லை.

"யாருக்காவது குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. "ரயிலுல ஒரு வெள்ளக்காரப் புள்ள. மஞ்சக் கலருல மழக்கோட்டு போட்டிருந்துச்சு. எனக்குக் கெறக்கமா வந்ததும் ஜன்னலோரத்த விட்டுக் குடுத்துட்டு, புளிப்பு முட்டாயி ஒன்னும் குடுத்துச்சு. சும்மா எப்படிங்க எறங்குறது? ஒரு பொட்டலம் குடுக்கலாம்னு நெனச்சேன். பைக்குள்ள கைய விடுறேன், வண்டி சொரங்கத்துக்குள்ள போயிருச்சு. ஒரே இருட்டு."

இருட்டில் கை எந்தப் பொட்டலத்தில் பட்டதோ அதைக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த அண்ணன் என்ன செய்தார் என்று கேட்டால், "நான் தூங்கலம்மா, கண்ணத்தான் மூடியிருந்தேன்" என்றார்.

யாரோ ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார்கள். ரயில் எல்ல ஊரையும் தாண்டிவிட்டது, எல்லவில் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பெயர் தெரியாது, நாடு தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒரு மழைக்கோட்டை எங்கே போய்த் தேடுவது?

ஐயர் பாவம், நல்ல மனுஷர். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டி முகூர்த்தத்தை முடித்துவிடலாம், பொன் கிடைத்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். முறைப்படி அது சரிதான். ஆனால் சம்பந்தியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத்தான் அது நெலைக்கல, மருமகளுக்காவது நெலைக்கும்னு நெனச்சேன்" என்றார். அழக்கூட இல்லை. வாசலில் ஏற்கனவே குசுகுசு ஆரம்பித்துவிட்டது. அபசகுனம் என்ற சொல் இரண்டு தடவை என் காதில் விழுந்தது. இன்றைக்கு அந்தத் தாலி வராவிட்டால், இந்த அம்மா ஆயுசு முழுக்க அந்தச் சொல்லைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே தங்கைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள். பாதிச் சடையோடு எழுந்து வந்தாள். மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா, போனக் குடு" என்றாள்.

நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில் போன் கவரேஜ் நிலைக்காது. மேலே தண்ணீர்த் தாங்கி பக்கத்தில் நின்றால்தான் சரியாக வரும். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண் மேட்டில் ஏறி ஓடுகிறாள், சேலை சேற்றில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான் ஓடுகிறேன், எங்களுக்குப் பின்னால் அம்மா கத்திக்கொண்டே வருகிறார். மேளக்காரர்கள் பெண் ஓடிப்போகிறாள் என்றே நினைத்துவிட்டார்களாம்.

"எல்லாருக்கும் சொல்லு, தாலி தொலைஞ்சிருச்சுன்னு போடு" என்றேன்.

"இரு. நாம கத்துறதுக்கு முன்னாடி, அந்தப் புள்ள ஏதாச்சும் சொல்லியிருக்கான்னு பாப்போம்."

"அவ எதச் சொல்லுவா?"

"தேத்தூளப் பத்தி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் ஆங்கிலத்தில் ரயில், தேயிலை, எங்கள் ஊர்ப் பெயர்கள் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியாக வந்த பதிவுகளைத் தேடினாள். அடேயப்பா, அன்று காலை அந்த ஒரு ரயிலில் இருந்து மட்டும் எத்தனை பேச்சு. ஒருவர் ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளையாகப் படம் போட்டு, இதுதான் உலகப் புகழ்பெற்ற காட்சியாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவருக்கு இடது பக்கம் உட்காருவதா வலது பக்கம் உட்காருவதா என்று சந்தேகம். ஒரு மாணவன் பதுளை வரைக்கும் நின்றே வருகிறேன் என்று புலம்பியிருந்தான். தங்கையின் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது.

ஒரு மடி. மடியில் காக்கித்தாள் பொட்டலம். அதன் மூலையில் மஞ்சள் பொட்டு.

நான் போட்ட சத்தத்தில் அம்மாவே பயந்துவிட்டார். அந்தப் பெண்ணின் மொழி எங்களுக்குத் தெரியாது. போனே அதைத் தமிழாக்கித் தந்தது, கொஞ்சம் நொண்டி நொண்டி: 'ரயிலில் ஒரு தாய். நான் அவளுக்கு என் ஜன்னல் தந்தேன், அவள் எனக்குத் தன் தேயிலை தந்தாள். எல்லவில் அறைக்குப் போனதும் முதல் வேலை இதைக் கொதிக்க வைப்பது.'

கடைசி வரியைப் படித்ததும் எழுதுடி, எழுதுடி என்று அவள் தோளை உலுக்கினேன். தங்கை வளையல் குலுங்கக் குலுங்க ஆங்கிலத்தில் பதில் தட்டினாள். யோசித்து எழுத நேரம் ஏது? அவள் எழுதியது இவ்வளவுதான்: 'தயவுசெய்து தேத்தண்ணி ஊற்றாதீர்கள், உள்ளே என் கல்யாணம் இருக்கிறது.'

பதில் இல்லை. மறுபடியும் எழுதினாள், தாலி என்றால் என்ன என்று ஒரு வரி சேர்த்தாள். பதில் இல்லை. ஆனால் வேறொன்று நடந்தது. அந்த வரியைப் பார்த்தவர்கள் எல்லாம் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட ஆரம்பித்தார்கள். போன் கையில் நிற்காமல் அதிர்ந்தது. ஒருவர் இது என்ன விளம்பரம் என்று கேட்டார். ஒருவர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். நடுவில் பண்டாரவளைச் செருப்புக் கடைக்காரர் வந்தார்.

"தங்கச்சி, இது பகிடியா, நெசமா?"

"நெசம் நானா. எல்லவுல இருக்கா. எங்கன்னு தெரியல."

"நான் பைக்க எடுத்துட்டேன். எடத்த மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பெண் அறைக்குப் போனதும் இன்னொரு படமும் போட்டிருந்தாள். நீலக் கம்பி போட்ட ஒரு விறாந்தை, பின்னால் எல்லப் பாறை. தங்கை அதை எடுத்துப் போட்டு, இந்த வீடு எங்கே என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். பாறை இந்தக் கோணத்தில் தெரிந்தால் அது ஸ்டேஷன் பக்கம் இல்லை என்றார் ஒருவர். தெமோதரைக்காரர் ஒருவர் மறுத்தார். கடைசியில் எல்லவில் ஆட்டோ ஓட்டுகிற ஒரு சிங்களத் தம்பி, ரயில் பாலத்துக்குப் போகிற வழியில் இரண்டாவது வளைவுக்குக் கீழே, பலாமரம் நிற்கிற வீடு என்று எழுதினார். நானாவுக்கு அதை அனுப்பினோம். அவரிடம் இருந்து சத்தமே இல்லை. பைக் ஓட்டுகிறவர் எப்படிப் பதில் போடுவார் என்று தங்கை சொன்னாள். எனக்கோ எல்லவில் ஒரு கேத்தல் கொதிக்கிற சத்தம் இங்கே கேட்பது போல இருந்தது.

இதற்குள் லயத்து ஜனம் பாதி தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி நின்றது. சடை பின்னுகிற அக்காவும் சீப்போடு வந்து, நின்ற நிலையிலேயே பின்னி முடித்தார். முகூர்த்தம் நெருங்குகிறது என்று ஐயர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். சம்பந்தியம்மா மட்டும் கூட்டத்துக்கு வெளியே, எங்களைப் பார்க்காமல், தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் அதிர்ந்தது. ஒரு படம். ஒரு கை, அதில் வாய் பிரிக்காத பொட்டலம், மூலையில் பொட்டு. கீழே நானா எழுதியிருந்தார்: "கல்யாணம் கொதிக்கல. ரெண்டு பேரும் பொறப்பட்டுட்டோம்."

நான் அதைச் சத்தமாகப் படித்தேன். ஒரு கூட்டம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எனக்குக் கிரிக்கெட் வர்ணனையாளர் வேலை. தங்கை போனை என் கையில் கொடுத்துவிட்டாள், வருகிறதை எல்லாம் நான் படிக்கப் படிக்க ஜனம் கேட்டது. முன்பின் தெரியாதவர்கள் ரோட்டோரத்தில் நின்று எழுதினார்கள். "பண்டாரவளை டவுனுல ஒரு மஞ்ச மழக்கோட்டு பைக்குல பறக்குது, அதுதானா?" என்றார் ஒருவர். "தியத்தலாவ தாண்டிருச்சு" என்றார் இன்னொருவர். "அப்புத்தளையில மூட்டம், லைட்டப் போட்டு வரச் சொல்லுங்க" என்று ஒரு பஸ் கண்டக்டர் எழுதினார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். சம்பந்தியம்மா. அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மூட்டத்துக்குள் இருந்து முதலில் பைக் சத்தம் வந்தது, பிறகு லைட், பிறகு அந்த மஞ்சள் மழைக்கோட்டு. அந்தப் பெண் பொட்டலத்தைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாளாம். அந்த வீட்டுக்காரம்மா தண்ணீர் கொதிக்க வைத்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரம், கேட்டுக்கு வெளியே நின்று நானா தனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும் கத்தியிருக்கிறார். வீடுதான் பற்றி எரிகிறது என்று நினைத்து அந்தப் பெண் ஓடி வந்தாளாம். நானாவுக்கு வேறு கவலை. ஒற்றைக் காலில் புதுச் செருப்பு மாட்டியிருந்த ஒருவரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கோயில் வாசலில் வைத்துச் சம்பந்தியம்மாவே பொட்டலத்தைப் பிரித்தார். மஞ்சள் துணி முடிச்சு தூளுக்குள் அப்படியே இருந்தது. அவிழ்த்து, தன் முந்தானையால் தாலியைத் துடைத்தார். இவ்வளவு நேரம் அழாதவர் அப்போதுதான் அழுதார். தங்கை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, அழுதது போதும். வாங்க, எனக்குக் கழுத்து வலிக்குது, மாலை கனம்" என்றாள். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மேளம் முழங்க மாப்பிள்ளை தாலி கட்டினார். அபசகுனம் என்றவர்களும் அரிசி போட்டார்கள். நான் குனிந்து முடிச்சைப் பார்த்தபோது, தங்கையின் கழுத்தில் இருந்து நல்ல தேயிலை வாசம் வந்தது. நுவரெலியாத் தூள் வாசம்தான், அன்றைக்கு மட்டும் அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

பந்தியில் அந்தப் பெண்ணையும் நானாவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தோம். மரக்கறிச் சாப்பாடுதான் என்பதால் நானா யோசிக்காமல் மூன்று தடவை சோறு வாங்கினார். இரண்டு வருஷம் மூட்டத்துக்கும் வெயிலுக்கும் சண்டை போட்ட நானாவும் தங்கையும் அன்றுதான் முகம் பார்த்தார்கள். "எழுத்துல பாத்தா நீங்க ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார். அந்தப் பெண் புறப்படும்போது சம்பந்தியம்மா அவளுக்கு இன்னொரு பொட்டலம் கொடுத்தார். இந்த முறை வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, அவளையும் பார்க்கச் சொல்லி, பிறகுதான் கையில் கொடுத்தார்.

இப்போது எனக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. தைத்து முடித்த சட்டைகளைப் போடுவேன், மழை வந்தால் மழை என்பேன், மூஞ்சி கழுவினேன் என்றும் ஒரு நாள் போட்டேன், நானாதான் முதல் இதயம் போட்டார். யாரோ ஒருத்தி, ஒரு தாய் தனக்குத் தேயிலை தந்தாள் என்ற சின்ன சந்தோஷத்தை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் முகம் தெரியாத எங்களுக்கும் சொன்னதால்தான் என் தங்கை கழுத்தில் இன்றைக்கும் அந்தத் தாலி இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் யார் தேத்தண்ணிக் குவளையைப் படம் போட்டாலும், நான் சிரிக்காமல் நின்று படித்துவிட்டுத்தான் போகிறேன்.